தத்தெடுத்த நாயை வீட்டுக்குப் பழக்குவது எப்படி: முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

காப்பகத்திலிருந்து நாயைத் தத்தெடுத்து வந்த அன்றைக்கே பல வீடுகளில் அதைக் குளிப்பாட்டுகிறார்கள், சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள், மடியில் தூக்கி வைத்துப் படம் எடுக்கிறார்கள். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த நாய்க்குத் தெரிந்த வாசனை ஒன்றுகூட அங்கே இல்லை. முன்பின் தெரியாதவர்கள் சூழ்ந்து நின்று கை நீட்டுகிறார்கள். ஒதுங்க ஓர் இடம் இருக்கிறதா என்றுகூட அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது, அடுத்து என்ன நடக்கும் என்பது பிடிபடுவதுதான். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே மூலையில் படுக்கை, ஒரே பாதையில் நடை, தானாக வந்தால் மட்டும் தொடுகிற மனிதர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை ஒட்டியவைதான்.

காப்பகங்களில் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பதற்றம் தணிய 3 நாள், வீட்டின் வழக்கம் புரிய 3 வாரம், இது நம் இடம் என்று நிலைகொள்ள 3 மாதம். இது தோராயமான கணக்குதான். குட்டியிலிருந்தே மனிதரோடு வளர்ந்த நாய் ஒரே வாரத்தில் சோபாவில் ஏறிப் படுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடப்பட்டிருந்த நாய்க்கு ஓராண்டுகூட ஆகலாம்.

அழைத்து வருவதற்கு முன்

காப்பகத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: இப்போது என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது, குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது, கருத்தடை ஆகிவிட்டதா, பூனை, குழந்தை, மற்ற நாய்களைப் பார்த்தால் என்ன செய்கிறது. பலரும் கேட்க மறக்கும் ஒன்று, அது எந்தத் தரையில் மலம், சிறுநீர் கழித்துப் பழகியது என்பது. சிமென்ட் தரையிலேயே பழகிய நாய் புல்வெளியில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, உள்ளே வந்ததும் ஓடுபோட்ட தரையில் இருந்துவிடும். அதற்கு அதுதான் சரியான இடம். அது படுத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். புதிய வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே வாசனை அதுதான்.

வீட்டில் ஓர் அறையையோ ஒரு மூலையையோ ஒதுக்குங்கள். ஆட்கள் குறுக்கே நடக்கும் வழியாக அது இருக்கக் கூடாது. ஆளரவமே இல்லாத பின்கட்டாகவும் இருக்கக் கூடாது. சுவரில் முதுகைச் சாய்த்தபடி எல்லாரையும் பார்க்க முடிகிற மூலை நல்லது. கூண்டு வைப்பதானால் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். கதவைத் திறந்தே வையுங்கள். உள்ளே தள்ளிப் பூட்டினால் அதன்பிறகு அது பக்கத்திலேயே வராது. வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். பல நாய்கள் ஒரு அறைக்குள் வர மறுப்பது தரை வழுக்குவதால்தான். நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மின்கம்பிகள், மாத்திரைகள், எலி மருந்து, தரை துடைக்கும் திரவங்கள் எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

கழுத்துப்பட்டையும் ஹார்னஸும்

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் கூடாது. உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் காப்பகத்து வாசலைத் தாண்டும் முன்பே மாட்டிவிடுங்கள். தோலுக்கு அடியில் அடையாள எண்ணோடு பொருத்தும் மைக்ரோசிப் இருந்தால் அன்றைக்கே உங்கள் பெயருக்கும் எண்ணுக்கும் மாற்றிப் பதியுங்கள். பழைய எண்ணோடு இருக்கும் சிப்பால் நாய் உங்களிடம் திரும்பி வராது.

மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸ் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பயந்த நாய் முன்னால் இழுக்காது, பின்னால் வாங்கும். தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரே உதறலில் சாதாரண ஹார்னஸிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். கண் இமைக்கும் நேரம்தான். விலாவுக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் கூடுதலாக ஒரு பட்டை உள்ள ஹார்னஸ் இப்படி உருவ விடாது. முதல் சில வாரங்களுக்கு இரண்டு லீஷ் (பிடிகயிறு) போடுங்கள், ஒன்று கழுத்துப்பட்டையில், இன்னொன்று ஹார்னஸில். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷ் இப்போது வேண்டாம். அதன் பிளாஸ்டிக் பிடி கை நழுவி விழுந்தால் தடதடவென்று நாயின் பின்னாலேயே வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அது நிற்காமல் ஓடும்.

ஓடிப்போகும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம், ஏனென்றால் திரும்பி வருவதற்கு இது தன் வீடு என்று அதற்கு இன்னும் தெரியாது. வண்டிக் கதவைத் திறக்கும் முன் லீஷ் கையில் இருக்கட்டும். நாய்க்கும் தெருவுக்கும் நடுவே எப்போதும் இரண்டு தடுப்பு வேண்டும், அதாவது அறைக் கதவும் வாசல் கதவும். அழைப்புமணி அடித்தால் முதலில் அறைக் கதவு, பிறகு வாசல் கதவு. வீட்டில் இருக்கும் எல்லாருக்கும், குழந்தைகளுக்கும், இது பழக்கமாக வேண்டும்.

மீறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் உங்களையும் அது ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். கண்ணில் படும் தூரத்தில் நின்றால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், சாப்பிட ஏதாவது தூவுங்கள், பேசாமல் காத்திருங்கள். கண்ணில் படாமல் போய்விட்டால் கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் துணியையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, அதற்குப் பழகிய காப்பக ஆளை வரச் சொல்லுங்கள். கூட்டமாகத் தேடப் போனால் அது இன்னும் தூரம் போய்விடும்.

வீட்டுக்குள் முதல் நாள்

உள்ளே போகும் முன் இனி அது வழக்கமாகப் போக வேண்டிய இடத்துக்கு லீஷோடு கூட்டிப் போய், பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். மோப்பம் பிடிக்கட்டும். சிறுநீர் கழித்தால் அங்கேயே ஒரு ட்ரீட் (சின்னத் தின்பண்டம்) கொடுங்கள். பிறகு நேராக அதன் அறைக்கு. வீடு முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டாம். தண்ணீர் இருக்கும் இடம், படுக்கை, அவ்வளவுதான்.

அடுத்தது நீங்கள் சும்மா இருப்பது. சொல்வதற்கு எளிது, செய்வதற்குத்தான் கஷ்டம். அறையில் பக்கவாட்டாகத் தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள், அதை உற்றுப் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால்களை இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, உங்கள் காலை மோந்து பார்க்கும், சட்டென்று பின்வாங்கும். இந்த நொடியில்தான் எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள். தூக்காதீர்கள். மூன்று நான்கு முறை வந்து போகட்டும். உடம்பு தளர்ந்து பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்த பிறகு, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், மார்பிலோ தாடைக்குக் கீழோ மூன்று விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது மறுபடி நெருங்கினால் இன்னும் வேண்டும் என்கிறது. முகத்தைத் திருப்பினால் போதும் என்கிறது. இந்த மூன்று விநாடிக் கேள்வியை வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பயம் முதலில் சின்னச் சின்ன அசைவுகளில்தான் தெரியும். சாப்பாடு எதுவும் இல்லாதபோது நாக்கு வெளியே வந்து மூக்கை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரியும்படி ஓரக்கண்ணால் பார்ப்பது, காதைப் பின்னால் ஒட்டுவது. உடம்பு முழுவதும் அசைவற்று இறுகிவிட்டால் உடனே விலகுங்கள். கடிக்கு முன் பெரும்பாலும் வருவது அதுதான். வால் ஆடுகிறது என்பதற்காக நெருங்காதீர்கள், விறைத்த உடம்போடு வால் மட்டும் ஆடுவது மகிழ்ச்சி ஆகாது. உறுமினால் அதட்டவே கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதட்டி அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை நேரே பல்தான் வரும்.

கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால் இழுக்காதீர்கள். தண்ணீரையும் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பலவும் இரவில், வீடு அடங்கிய பிறகுதான் வெளியே வரும். முதல் சில இரவுகளில் யாராவது ஒருவர் அதே அறையில் படுப்பது நல்லது. இரவில் சிணுங்கினால் கேட்காத மாதிரி விட்டுவிடச் சொல்லும் அறிவுரை புது நாய்க்குப் பொருந்தாது. வெளியே கூட்டிப்போய் வந்து, அமைதியாகப் பக்கத்தில் இருங்கள். குளியலை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். நாற்றம் தாங்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சாப்பாடு

முதல் 5 முதல் 7 நாள் காப்பகத்தில் கொடுத்த அதே உணவு. மாற்ற வேண்டுமானால் 7 முதல் 10 நாளில் மெதுவாக மாற்றுங்கள்: முதலில் புதியது கால் பங்கு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். முதல் நாள் ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பது சகஜம். அதற்காக ருசியானதை மாற்றி மாற்றி வைக்க வேண்டாம், வயிறு இன்னும் கெடும். இருபது நிமிடம் வைத்திருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். குட்டிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது, இரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும்.

எலும்பு தெரிய மெலிந்த நாயைப் பார்த்தால் வயிறு நிறையக் கொட்டத் தோன்றும். இதில் மிகவும் கவனம் வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று குறைந்து இதயம் பாதிக்கும், உயிரே போகலாம். அப்படிப்பட்ட நாய்க்கு எவ்வளவு, எத்தனை வேளை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறிது சிறிதாகப் பல வேளை என்பதே பொதுவான முறை.

இடமாற்றத்தின் பதற்றத்தில் ஓரிரு நாள் மலம் இளகலாம். ஆனால் வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், எழுந்திருக்க முடியாத சோர்வு இவை சேர்ந்து வந்தால், அதிலும் தடுப்பூசி முடியாத குட்டிக்கு வந்தால், பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மருத்துவரிடம்

நாய் நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் முதல் வாரத்துக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள். மலப் பரிசோதனை, குடற்புழு மருந்து, ரேபிஸ், டிஸ்டம்பர் (இதுவும் ஒரு வைரஸ் நோய்), பார்வோ தடுப்பூசிகளின் கணக்கு, பல், காது, தோல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். உண்ணிகள் காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலுக்குக் கீழே ஒளிந்திருக்கும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நெருப்போ எண்ணெயோ வேண்டாம். காய்ச்சல், வெளுத்த ஈறு, சோர்வு இருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தை நாய்க்குப் போடாதீர்கள், அது பூனையைக் கொன்றுவிடும்.

வெளிக்குப் போகப் பழக்குவது

காப்பகத்தில் இருந்த நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் அது அடம் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை. வளர்ந்த நாயாக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் குட்டியைப் போலவே நடத்துங்கள். எழுந்தவுடன், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாடியதும், படுக்கும் முன், இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, எப்போதும் அதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். முடித்த இரண்டு விநாடிக்குள் அங்கேயே ட்ரீட் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கிடைத்தது என்று அது நினைக்கும். குட்டி பகலில் எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு, வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் உச்ச வரம்பு. 3 மாதக் குட்டிக்கு 4 மணி நேரம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே அசுத்தம் செய்துவிட்டால், கறையையும் வாசனையையும் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அமோனியா வாசனையுள்ள திரவம் சிறுநீர் வாசனையையே நினைவூட்டும், மறுபடி அங்கேயே போகும். மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பதும் அடிப்பதும் ஒன்றையே கற்றுத்தரும்: உங்கள் எதிரில் போகக் கூடாது என்பதை. அதன்பிறகு வெளியே லீஷில் உங்களோடு நிற்கும்போதும் போகாது, வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துதான் போகும்.

தனியாக இருக்கப் பழக்குவது

பலர் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் வாரம் முழுக்க நாயோடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் ஒன்பது மணி நேரம் விட்டுப் போகிறார்கள். நாய் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டுக் களைத்துப்போகும். இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே விநாடிக் கணக்கில் தொடங்குங்கள். கதவுக்கு வெளியே போய் 5 விநாடியில் திரும்புங்கள்; பிறகு 20 விநாடி, ஒரு நிமிடம், மூன்று நிமிடம். நடுநடுவே சுலபமான சின்ன இடைவெளியும் கலந்து வரட்டும். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது ஆகியவற்றை எங்கேயும் போகாமலேயே செய்து காட்டுங்கள். கைபேசியைப் படம்பிடிக்க வைத்துவிட்டுப் போனால் உண்மை தெரியும். பதற்றப்படும் நாய்கள் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே காட்டிவிடும்: எச்சில் ஒழுகும், மூச்சு இரைக்கும், வாசலிலேயே நடந்துகொண்டிருக்கும். அப்படியானால் நேரத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

குழந்தைகள், வேறு விலங்குகள்

குழந்தைகளுக்கு மூன்றே விதி: நாய் சாப்பிடும்போது கிட்டே போகாதே, படுத்திருக்கும்போது தொடாதே, கட்டிப்பிடிக்காதே. சின்னக் குழந்தையையும் புது நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது.

ஏற்கெனவே நாய் இருந்தால், நோய்த் தொற்றுக்காகவும் சேர்த்து 14 நாள் பிரித்து வைப்பது பாதுகாப்பு, அதிலும் உங்கள் நாய்க்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் கட்டாயம். பிறகு வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். உடம்பு தளரத் தளர நெருங்கலாம். நேருக்கு நேர் நிறுத்தி அறிமுகம் செய்வதுதான் சண்டைக்கு வழி. வீட்டுக்குள் வரும் முன் எலும்பு, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில். பூனை இருந்தால் முதலில் படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்கள், பிறகு தடுப்புக்கு இருபுறமும் வைத்துப் பாருங்கள். பூனை ஏறி உட்கார உயரமான இடம் இருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு

“வந்த புதிதில் நல்லாத்தான் இருந்தது, இப்பத்தான் கெட்டுப்போச்சு” என்று பலர் சொல்வது இந்தச் சமயத்தில்தான். கெட்டுப்போகவில்லை. முதலில் அது அடங்கிக் கிடந்தது பயத்தில். இப்போது பயம் விலகி, தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அந்நியரைப் பார்த்துக் குரைக்கும், சோபாவை விட்டு இறங்க மறுக்கும், கிண்ணத்தைக் காவல் காக்கும்.

கிண்ணக் காவலைக் கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் நெருங்க நெருங்க வேகவேகமாக விழுங்கும், தலையை இன்னும் கீழே இறக்கும், பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டு உறைந்து நிற்கும். இதைச் சரிசெய்யச் சாப்பிடும்போது கிண்ணத்தைப் பிடுங்கிப் பழக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்; அதன் சந்தேகத்தை உண்மையாக்குவதுதான் அது. மாறாக, அது பதறாத தூரத்தில் நின்று, கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒன்றைப் பக்கத்தில் எறிந்துவிட்டுத் திரும்பிப் போங்கள். நாள் போகப்போக, நீங்கள் வருவதைப் பார்த்து அது தலை நிமிர்ந்து வாலாட்டும். அப்போது ஓரடி நெருங்கலாம். வாயில் எதையாவது கவ்வியிருந்தாலும் இதே வழிதான்: பிடுங்காமல் பண்டமாற்று.

பயிற்சியையும் இப்போது தொடங்கலாம், ஒரு நேரத்துக்கு 3 முதல் 5 நிமிடம் போதும். பெயரைச் சொல்லி, திரும்பிப் பார்த்ததும் ட்ரீட். பிறகு கூப்பிட்டால் வருவது. கூப்பிட்டு வரவைத்துத் திட்டுவது, மருந்து போடுவது கூடாது. நடையில் 5 முதல் 10 மீட்டர் நீள லீஷில் அது விரும்பும் இடத்தில் நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். நாய்கள் கூட்டமாகத் திரியும் பூங்காக்கள் மூன்று மாதத்துக்கு வேண்டாம். தூக்கத்தையும் கவனியுங்கள். வளர்ந்த நாய் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், குட்டி 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்க வேண்டும். தூக்கம் போதாத நாய் எதற்கெடுத்தாலும் எரிந்து விழும்.

நிலைமை மோசமாகிக்கொண்டே போனால்

கடிக்க வருவது, நாள் முழுக்க ஒளிந்தே இருப்பது, தன்னையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது என்றெல்லாம் போனால் முதலில் மருத்துவரிடம் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காது புண், பல் வலி, மூட்டு வலி இவற்றால் சீறும் நாய்கள் ஏராளம். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் பயிற்சியாளரைத் தேடுங்கள், அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? மின்சாரப் பட்டை, முள் பட்டை, கழுத்தை நெரிக்கும் சங்கிலி, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது என்று பதில் வந்தால் அவர் வேண்டாம். பயத்தில் இருக்கும் நாயை இவை இன்னும் ஆபத்தாக்கும். பிரச்சினை நடக்கும் நேரத்தை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து வைத்தால், வாயால் விளக்குவதைவிட அவருக்கு அதிகம் உதவும்.

எவ்வளவு முயன்றும் சில நாய்கள் சில வீடுகளுக்குப் பொருந்தாது. பூனையைத் துரத்திக் கொல்லப் பார்க்கும் நாயைப் பூனை உள்ள வீட்டில் வைத்திருப்பது இரண்டுக்குமே கொடுமை. அப்படி ஆனால் தெருவில் விடாதீர்கள், விசாரிக்காமல் தெரியாத யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய காப்பகத்திடமே சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அது எதற்குப் பயப்படுகிறது, எது கொடுத்தால் அமைதியாகிறது, எந்தத் தரையில் சிறுநீர் கழிக்கிறது, எத்தனை நிமிடம் தனியாக இருக்கும், என்ன பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வீட்டில் யாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.